இருதயமேரியின் கூடைக்கு உபயதாரர் வந்த கதை

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செருப்புக் கடையின் மாடியில், நான்கு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டர் நடத்தியவனுக்கு வேறு என்ன வரும்? நான்கில் ஒன்று தட்டினால்தான் ஓடும். இன்னொன்று தட்டினாலும் ஓடாது. மீதி இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். அது எப்போது வரும், எப்போது போகும் என்று அந்த வருடங்களில் யாருக்கும் தெரியாது.

2009-ஆம் வருடம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை இருதயமேரி அக்கா என் கடைப் படி ஏறி வந்தார். மகள் கலையரசியின் உதவித்தொகை விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும். பாதி நிரப்பியபோது கரண்ட் போயிற்று. மற்றவர்கள் எல்லாம், என்னவோ நான்தான் ஃபியூஸைப் பிடுங்கினேன் என்பதுபோல என்னைத் திட்டிவிட்டு இறங்கிப் போனார்கள். அக்கா மட்டும் நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக பிளாஸ்டிக் வயரை எடுத்துக் கூடை பின்ன ஆரம்பித்தார். இரண்டு மணி நேரம் கழித்து விசிறி சுற்றியபோது, அவர் மடியில் ஒரு கூடையின் அடிப்பாகம் முழுசாக உட்கார்ந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த இரண்டு மணி நேரமும் எனக்குக் கோபமே வரவில்லை.

"இத யாருக்காவது கத்துக் குடுக்கிறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டா சொல்லுவேன். யாரு கேக்குறாங்க?"

இண்டர்நெட்டில் யாரோ ஒரு அம்மாள் காகிதப் பூ செய்வதைப் படம் படமாகப் போட்டிருந்த வலைப்பூவைத் திறந்து காட்டினேன். அக்கா பத்து நிமிடம் அதை உற்றுப் பார்த்தார்.

"இதுல நம்ப கூடையப் போட்டா துட்டு கேப்பாங்களா?"

"கேக்க மாட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு உக்காந்துக்கினு இருக்க? ஜல்தி ஆரம்பி."

அப்படித்தான் 'மேரி முடிச்சு' பிறந்தது. பெயர் வைத்தது நான். அதற்கு மேல் அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஊர் முழுக்க என் பங்கைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

அக்கா கிளியனூர்ப் பக்கம் ஒரு ரேஷன் கடையில் எடை போடும் வேலையில் இருந்தார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. அரிசி போடும்போது தராசின் முகத்தை வாங்க வந்தவர் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். "எம் மூஞ்சிய இன்னாத்துக்குப் பாக்கற? முள்ளப் பாரு" என்பார். இதனால் வரிசை மெதுவாக நகரும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவர் கையால் வாங்கிய அரிசியை யாரும் வீட்டில் போய் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை.

கூடையிலும் அதே புத்திதான். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் ஒரு வரி இருக்கும். 'ஆறு செங்கல். ஒரு நாள். தாங்கியது.' அல்லது, 'ஆறு செங்கல். மூன்று மணி நேரம். கைப்பிடி பிய்ந்தது. இந்த முடிச்சு அழகுக்கு மட்டும்.' வீட்டு வாசலில் தகர ஷெட் ஒன்று உண்டு. அதன் இரும்புக் குழாயில் கூடையைத் தொங்கவிட்டு, உள்ளே ஆறு செங்கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மறுநாள் காலையில் பார்த்து, இருப்பதை இருப்பதுபோல எழுதுவார்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் பின்னிய முதல் கூடையில், கோலியனூரில் பிள்ளை பெற்றிருந்த நாத்தனாருக்காக ஒரு தூக்கு நிறைய சுறாப் புட்டு வைத்து எடுத்துக்கொண்டு ரயிலில் போயிருக்கிறார். விழுப்புரம் ஜங்ஷன் மேம்பாலத்தின் உச்சிப் படியில் கூடையின் அடிப்பாகம் விட்டுவிட்டது. தூக்கு ஒவ்வொரு படியாக மணி அடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறது. பின்னாலேயே புட்டும் இறங்கியிருக்கிறது. எதிரே ஏறி வந்த கூட்டம் மொத்தமும் அதை மிதித்துக்கொண்டு சென்னைக்கும் திருச்சிக்கும் போய்ச் சேர்ந்ததாம். "அன்னிக்கு அந்த ஸ்டேஷன் நாய்ங்களுக்குத் தீபாவளி, சீனு. நான் வெறுங்கையோட போய் நாத்தனார் முன்னால நின்னேன்" என்று அக்கா சொல்லும்போது சிரிப்பார். அந்த வெட்கம் மட்டும் போகவில்லை. தன் பேச்சை நம்பிக் கூடை பின்னும் யாருடைய சாமானும் படியில் உருளக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்திருக்கிறார்.

அந்த வரிக்காகத்தான் ஆட்கள் வந்தார்கள். ஷார்ஜாவிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, கோவில்பட்டியிலிருந்து. சனிக்கிழமைதோறும் அக்கா படி ஏறி வந்து, கேமரா போனைக் கம்ப்யூட்டரில் சொருகி, இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதுவார். நான் டீ சொல்வேன். அவர் பையிலிருந்து வேக வைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வரும். கடையில் என்னோடு பேசுவதற்காகவும் வந்த ஒரே வாடிக்கையாளர் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் மவுஸ் வேலை செய்யவில்லை என்று சொல்வதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பார்கள்.

2011 ஜூலையில் அந்த மின்னஞ்சல் வந்தது. விழுப்புரத்தில் 'தனம் வயர்ஸ்' என்ற கம்பெனி. கூடை வயர் தயாரிப்பவர்கள். அவர்கள் அக்காவின் உபயதாரராக விரும்புகிறார்களாம். ஒரு புது லேப்டாப் தருவார்கள். வருடம் முழுக்க வேண்டிய வயர் தருவார்கள். பதிலுக்கு மூன்று கண்டிஷன். ஒன்று, வலைப்பூவின் உச்சியில் தனம் வயர்ஸ் பெயர் இருக்க வேண்டும். இரண்டு, எல்லாக் கூடையும் தனம் வயரிலேயே பின்ன வேண்டும். மூன்று, பார்ப்பவர்களுக்குப் பயம் வருவதால் செங்கல் தொங்கவிடும் பகுதியை எடுத்துவிட வேண்டும்.

நான் உரக்கப் படித்தேன். 'லேப்டாப்' என்ற சொல்லிலேயே அக்கா சுற்று நாற்காலியில் உட்கார்ந்தபடி காலால் தரையை உந்தினார். ஒரு சுற்று. 'வருடம் முழுக்க' என்றதும் இன்னொரு சுற்று. நாற்பது வயது மனுஷி, ரேஷன் கடை ஊழியர், மூன்றாவது சுற்றில் பக்கத்து மேஜையின் டீ கிளாஸைத் தட்டிவிட்டார். மூன்றாவது கண்டிஷனைப் படித்தபோதுதான் நாற்காலி நின்றது.

"கல்லு வேணாமா?"

"வேணாமாம்."

கவிழ்ந்த டீ கிளாஸை நிமிர்த்தி வைத்தார். பிறகு, "அது பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஒரு சுற்று சுற்றினார்.

நான் எழுந்து நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். கொள்கை என்று ஒன்று இருக்கிறது, ஆசைக்காகச் செய்கிற காரியத்தில் கம்பெனிக்காரனை உள்ளே விடக்கூடாது என்றெல்லாம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"நீ இன்னாத்துக்குச் சீனு இப்புடி பேஜாரு பண்ற? உங்கடைக் கண்ணாடிக் கதவு பூரா செல்போன் ரீசார்ஜ் விளம்பரம். உள்ள ஆளு இருக்குதான்னே தெரியல."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால் வரத்தான் செய்யும். இன்னொரு உண்மையை நான் அவரிடம் சொல்லவில்லை. லேப்டாப் வந்துவிட்டால் சனிக்கிழமை யாரும் படி ஏறி வரப் போவதில்லை. என் கொள்கைக்கு அதுதான் அஸ்திவாரம்.

அக்காவின் கணவர் ராயப்பன் அண்ணன், 'ராயப்பன் சவுண்ட் சர்வீஸ்' உரிமையாளர். மாதா கோயில் தேர் ஆனாலும் சரி, அம்மன் கோயில் கூழ் வார்த்தல் ஆனாலும் சரி, அவர் மைக் இல்லாமல் எங்கள் பக்கம் எந்தச் சாமியும் நகராது. உபயதாரர் பட்டியல் படித்துப் படித்தே அவர் குரல் அப்படிக் கனத்துப் போயிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரே வார்த்தையில் முடித்தார்.

"உபயம் இல்லாம எந்தத் திருவிழா நடந்துது? வாங்கிப் போடு."

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது ஆடி மாதம். ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மன் கோயிலில் கூழ் வார்த்தல். கேப்பைக் கூழுக்கு வரிசை நிற்கிறது. இரண்டு பாட்டுக்கு நடுவில் அண்ணன் மைக்கைத் தட்டினார்.

"நமது திண்டிவனம் நகரிலிருந்து உலகெங்கும் இண்டர்நெட்டில் வெற்றி நடை போட்டுக்கொண்டிருக்கும் 'மேரி முடிச்சு' அவர்களுக்கு விழுப்புரத்தைச் சேர்ந்த பெரியோர்கள் உபயம் செய்ய முன்வந்துள்ளார்கள் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். உள்ளூர்ப் பெரியோர்களும் உபயம் செய்ய விரும்பினால் மைக் செட்டை அணுகவும்."

விழுப்புரத்துக்காரன் செய்துவிட்டான் என்றால் திண்டிவனத்துக்காரன் சும்மா இருப்பானா? கூழ் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள். பிராய்லர் கடை பூமாலை வாரம் ஒரு கோழி என்றார். ஆட்டோ ஸ்டாண்டு கிருஷ்ணசாமி, அக்காவுக்கு ஆயுசு முழுக்க ஆட்டோ இலவசம் என்றார். தையல் கடை அம்சா பண்டிகைக்குப் பண்டிகை ரவிக்கை. வல்லத்திலிருந்து அக்கா வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த ஒருவர், மேரி முடிச்சு என்றால் என்னவென்று கேட்காமலேயே அரை மூட்டை மல்லாட்டை எழுதிக்கொள்ளச் சொன்னார். மாலைக்குள் பதினேழு உபயதாரர்கள்.

எங்கள் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டைப் பார்த்திருப்பீர்கள். உபயம் இன்னார், இன்னார் மகன், இன்னார் பேரன் என்று சிவப்புப் பெயின்டில் எழுதி எழுதி, வெளிச்சம் வர ஒரு விரற்கடைதான் மிச்சம் இருக்கும். பதினேழு பேருக்கும் மனதில் இருந்தது அந்த டியூப் லைட்தான். எல்லாரும் என் கடைப் படி ஏறினார்கள். பூமாலைக்குத் தன் பெயர் கிருஷ்ணசாமி பெயருக்கு மேலே வர வேண்டும். கிருஷ்ணசாமிக்குக் கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவும் வர வேண்டும். அம்சா தன் பெயரை ரோஸ் கலரில் கேட்டார். வல்லத்துக்காரர் போன் செய்து, தன் பெயருக்குப் பின்னால் 'முன்னாள் வார்டு மெம்பர்' போட மறந்துவிடாதே என்றார். மூன்று நாள் தட்டச்சு செய்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று நாளும் எங்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. நானே கொள்கையை மறந்துவிட்டேன். டீக்கடையில் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள் என்றால் பாருங்கள்!

எல்லாருக்கும் உச்சியில் தனம் வயர்ஸ். அதற்குக் கீழே பதினேழு பேர். அதற்கும் கீழே, கர்சரை இழுத்து இழுத்துக் கொண்டுபோனால், ஊதாவும் வெள்ளையுமாக தனம் வயரில் 'சிவன் கண்' முடிச்சுப் போட்டுப் பின்னிய கூடை. பதிவு நன்றாகத்தான் இருந்தது. கடைசி வரி மட்டும் இல்லை.

நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறு சனிக்கிழமை பின்னூட்டங்களைத் திறந்தோம். முதலில் ஷார்ஜா. 'அக்கா, கூடை எங்கே? கீழே போய்க் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. அந்தக் கூலிங் கிளாஸ் அண்ணன் யார்?' விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்தது சிங்கப்பூர். 'எத்தனை செங்கல்?' அடுத்தது கோவில்பட்டி. 'செங்கல் வரி விட்டுப்போயிருக்கிறது.' அதற்கடுத்து, 'செங்கல்?' அதற்கும் அடுத்து, வெறும் ஒரு கேள்விக்குறி. நாற்பத்தொரு பின்னூட்டம். முக்கால்வாசி அதே கேள்வி. கடைசியாக ஒரு பெண் எழுதியிருந்தார். 'பள்ளிக்கூடத்துக்குச் சத்துணவு முட்டை எடுத்துப்போக இந்தக் கூடையைப் பின்ன ஆரம்பித்திருக்கிறேன். தாங்கும்தானே அக்கா?'

அக்கா சிரிப்பதை நிறுத்தினார். சுற்று நாற்காலி அசையவே இல்லை.

"தொங்கவிட்டேன் சீனு," என்றார். "மனசு கேக்காம தொங்கவிட்டேன். நாப்பது நிமிஷம். அடி வுட்டுடுச்சி."

"அப்புறம் ஏங்க்கா எழுதல?"

"லேப்டாப்பு."

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எப்படியாவது இந்த உபயம் கெட்டுப்போகட்டும் என்று ஒரு மாதமாக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவன் நான். அது கெட்டுப்போயிற்று. எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

மறுநாள் ஞாயிறு விழுப்புரத்தில் லேப்டாப் வழங்கும் விழா. ராயப்பன் அண்ணனின் வேனில் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நான் உட்கார்ந்திருந்தேன். முன்னால் அக்கா, மடியில் ஊதா வெள்ளைக் கூடை. என் காலடியில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தேன். ஆறு செங்கல்.

கோலியனூர் கூட்டு ரோட்டில் தகரக் கூரை போட்ட குடோன். வாசலில் அக்காவின் முகம் போட்ட டிஜிட்டல் பேனர். கம்பெனி முதலாளி தட்சிணாமூர்த்தி ஐயா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்து வரவேற்றார். நல்ல மனிதர். அவர் மனைவி தனம் அம்மாளின் பெயர்தான் கம்பெனிக்கு. இருவரும் நின்று எல்லாருக்கும் கேசரி கொடுத்தார்கள். மேஜையில் லேப்டாப் பெட்டி, அதன் மேல் ரோஜா மாலை. அக்காவின் கண் அந்தப் பெட்டியை விட்டு நகரவில்லை. பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். பேசச் சொன்னார்கள்.

அக்கா மைக்கைப் பிடித்தார்.

"ஐயா, நான் கல்லு கட்டிப் பாக்காம எந்தக் கூடையும் போட்டதில்ல. இத மட்டும் போட்டுட்டேன். இங்கயே கட்டிப் பாக்கலாங்களா? தாங்குனாலும் எழுதுவேன், தாங்கலன்னாலும் எழுதுவேன்."

தட்சிணாமூர்த்தி ஐயா புரியாமல் பக்கத்தில் நின்ற தன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கேசரியைப் பார்த்தார். மூன்றாவது கண்டிஷன் யாருடைய யோசனை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இதுக்கு இன்னாம்மா பர்மிஷன்?" என்று ஐயா சிரித்தார். "தனம் வயரு! ஆறு கல்லு இன்னா, அறுபது கல்லு கட்டுங்க!"

வயர்க் கட்டுகளை நிறுக்கும் தராசுக் கொக்கியில் அவரே கூடையை மாட்டினார். அவரே ஆறு கல்லையும் உள்ளே அடுக்கினார். பிறகு தரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று பத்து.

ஐயா இருபது நிமிடம் பேசினார். அடுத்து வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒருவர். கூரை கொதித்தது. கூடையின் அடியில் ஊதா நிறம் வெளுக்க ஆரம்பித்ததை முதலில் பார்த்தவர் ராயப்பன் அண்ணன். கையில் மைக் இருந்தால் அவர் வாய் சும்மா இருக்காது. அது தொழில் வியாதி.

"கூடியிருக்கும் பெரியோர்களே, நடுக் கண் வெளுக்கிறது... வலப்பக்கம் ஒரு முடிச்சு நீள்கிறது... தாய்மார்கள் சற்றுத் தள்ளி நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்... இதோ, இதோ, இரண்டாவது முடிச்சும்..."

பதினொன்று நாற்பத்துநான்குக்கு அடிப்பாகம் விட்டது. ஆறு கல்லும் சிமெண்ட் தரையில் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. சத்தம் ஸ்பீக்கரில் போய், கூட்டு ரோட்டுக்கே கேட்டது.

தட்சிணாமூர்த்தி ஐயா குனிந்து அறுந்த வயரை எடுத்தார். விரலில் சுற்றி இழுத்தார். வெளுத்து, நூலாகி, கையோடு வந்தது.

"இது நம்ப வயரா?"

"உங்க வயருதாங்க," என்றார் அக்கா.

அவர் அந்தத் துண்டு வயரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்து லேப்டாப் பெட்டியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். "எடுத்துக்கினு போம்மா. விழாவுக்கு வரவழச்சி வெறுங்கையோட அனுப்பக் கூடாது."

அக்காவின் கை பெட்டி வரைக்கும் போனதை நான் பார்த்தேன். ரோஜா மாலையைத் தொட்டது. அங்கிருந்து திரும்பி வந்தது.

"வேணாங்கய்யா. நான் எழுதாம வுட்ட வரி ஒண்ணு இருக்குது. அத நீங்க குடுத்த லேப்டாப்புலயே உக்காந்து எழுதச் சொல்றீங்களா? எனுக்குக் கை வராது."

கூட்டேரிப்பட்டு வரை வேனில் அழுதுகொண்டே வந்தார். பொன்னாடையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். கூட்டேரிப்பட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். டீயை வாயில் வைத்தவர், "தாய்மார்கள் சற்றுத் தள்ளி நிற்குமாறு" என்று முணுமுணுத்தார். அவ்வளவுதான். டீ மூக்கில் ஏறிவிட்டது. ராயப்பன் அண்ணன் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சிரித்தார். டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துக் காசு வாங்கப் பயந்தார்.

அன்று மாலையே கடையைத் திறந்தேன். அக்கா இரண்டு விரலால் தட்டினார். 'சென்ற கூடை. ஆறு செங்கல். நாற்பது நிமிடம். அடி விட்டது. இதைத் தெரிந்தும் எழுதாமல் விட்டது என் தவறு. முட்டைக்கு இந்த வயர் வேண்டாம், தங்கச்சி.' பிறகு உச்சியிலிருந்த பெயர்களை அழிக்கச் சொன்னார். தனம் வயர்ஸ் போயிற்று. பதினேழு பேரும் போனார்கள்.

போனவர்கள் சும்மா போவார்களா? திங்கட்கிழமை காலை பூமாலை அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். துபாயில் இருக்கும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, 'மாமா பேரு உலகம் பூரா தெரியுது பாரு' என்று சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளை பார்த்தால் பெயரைக் காணோம்.

"எங்கோழி வேணும், எம்பேரு மட்டும் வேணாமா?"

அக்காவுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஷெட்டில் கல்லை அடுக்கிக்கொண்டே எரிச்சலில் சொன்னார்: "உம் பேரப் போட எடம் இல்ல பூமாலண்ணா. வோணும்னா இந்தக் கல்லு மேல எழுதிக்கினு வா. அதான் போட்டோல வரும்."

எங்கள் ஊரில் எரிச்சலில் ஒன்று சொன்னாலும் ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டும். மறுநாள் விடிந்ததும் பூமாலை ஒரு செங்கல்லோடு வந்தார். வெள்ளை அடித்து, அதன் மேல் சிவப்புப் பெயின்டில், 'உபயம்: பூமாலை பிராய்லர்ஸ், திண்டிவனம்.' பக்கத்தில் ஒரு கோழி படம் வேறு. அக்கா கல்லைப் பார்த்தார். பூமாலையைப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

அந்த வாரப் பதிவில் அந்தக் கல் வந்தது. ஒரே மாதத்தில் பதினேழு கல்லும் வந்துவிட்டன. கிருஷ்ணசாமியின் கல்லில் கூலிங் கிளாஸ் இருந்தது. அம்சாவின் கல் ரோஸ். வல்லத்துக்காரர் தன் பட்டம் முழுக்க எழுதக் கல்லின் நான்கு பக்கத்தையும் எடுத்துக்கொண்டார். ஒரு கூடைக்கு ஆறு கல்தான் என்பதால் முறை வைக்க வேண்டியதாயிற்று. கூடை பிய்ந்த வாரம் யாருடைய கல் விழுந்ததோ அவர் துக்க வீட்டுக்காரர்போலத் திரிவார். "எங்கல்லு கனம் இல்ல மேரி, உன் முடிச்சுதான் சரியில்ல" என்று சண்டைக்கு வருவார்கள். ஷார்ஜாவில் பூமாலையின் கல்லுக்கு ரசிகைகள் உண்டானார்கள். அக்காவுக்கோ யாரைப் பற்றியும் ஒரு பொய் வரி எழுத வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று.

நவம்பரில் ஒரு நாள் அந்த ஷெட்டின் முன் ஒரு கார் நின்றது. தட்சிணாமூர்த்தி ஐயா. கையில் இரண்டு கட்டு புது வயர், பச்சை. அந்தப் பழைய சரக்கு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்ப எடுத்துவிட்டாராம்.

"பேரெல்லாம் வேணாம்மா. பின்னிக் கட்டிப் பாருங்க. வுட்டுதுன்னா எனுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு இல்ல. எழுதிடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பியவர் வரிசையாக அடுக்கியிருந்த கல்லைப் பார்த்தார். கூலிங் கிளாஸைப் பார்த்தார். கோழியைப் பார்த்தார். போகும்போது, கொஞ்சம் வெட்கத்தோடு கேட்டார்: "கல்லு மட்டும் ஒண்ணு நானும் குடுக்கலாமா?"

அடுத்த வருடம் ஜனவரியில் கலையரசிக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க லேப்டாப் கொடுத்துவிட்டார்கள். வாழ்த்துச் சொல்லி போன் செய்தேன். வைத்ததும் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்தேன். அந்தச் சனிக்கிழமை கடையில் யாரும் இல்லை. டீ சொல்லவும் தோன்றவில்லை.

பத்தரைக்குப் படியில் சத்தம் கேட்டது. அக்கா ஒரு கையில் லேப்டாப், இன்னொரு கையில் மல்லாட்டைப் பையோடு மேலே வந்து மூச்சு வாங்கினார்.

"இதுல நெட்டு இல்லியாமே, சீனு. அது தெரியாம ராத்திரி பூரா தட்டிக்கினு இருந்தேன். இருந்தாலும் வருவேன், வையி. உங்கூடச் சண்ட போடாம எனுக்கு எழுத வராது."

நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து இரண்டு டீ சொன்னேன். அவர் சுற்று நாற்காலியில் உட்கார்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரு பூரா கல்லு குடுத்துட்டான். நீ குடுக்கல. கொள்க இன்னும் போகலியா?"

மேஜைக்கு அடியில் குனிந்தேன். கால் வைக்கும் பலகைக்குப் பின்னால், பழைய துணியில் சுற்றி வைத்திருந்த செங்கல்லை எடுத்தேன். ஆகஸ்டிலேயே பெயின்ட் அடித்தது. ஐந்து மாதமாகக் கொடுக்க வாய் வரவில்லை. 'உபயம்: சீனு நெட் சென்டர்.' எழுத்து கோணலாக இருந்தது.

அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. நாற்காலியை மட்டும் ஒரு முழுச் சுற்று சுற்றினார், கல்லையும் மடியில் வைத்துக்கொண்டு.

அடுத்த சனிக்கிழமை பதிவில் வந்த கூடை தனம் வயரின் பச்சைச் சரக்கு. வழக்கமான ஆறு கல்லில் ஒன்று தட்சிணாமூர்த்தி ஐயாவுடையது. பதிவின் கடைசி வரியை அக்கா என் கண் முன்னால் இரண்டு விரலால் தட்டினார். 'ஏழு செங்கல். ஒரு நாள். தாங்கியது.'